பத்து மாதமும் பத்து நாளும்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களுக்குப் பத்திரிகை மூலமாகவே பதில் சொல்வது என் வழக்கம். சென்ற மாதம் வந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் அந்த வழக்கத்தை மீறினேன். கடிதத்தின் அடியில் டெலிபோன் எண் இருந்தது. உடனே கூப்பிட்டுப் பேசிவிட்டேன்.

கடிதம் எழுதியவர் ஒரு மாமியார். விஷயம் இதுதான்: "மருமகளுக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி வந்து போய் ஐந்து நாள் ஆகிறது. வலி எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்து ஏற்றி வலியை வரவழைப்பார்கள், அப்புறம் கத்தியை எடுத்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. 'பழுத்த பழம் தானே விழும்' என்கிறார் பக்கத்து வீட்டு அம்மாள். நான் பிறந்ததும் வீட்டில்தான். என் கணவர் பிறந்ததும் வீட்டில்தான். பேசாமல் வீட்டிலேயே பிரசவத்தை வைத்துக் கொண்டால் என்ன?"

"அம்மா, இன்றைக்கே மருமகளை அழைத்துக் கொண்டு போய்க் காட்டுங்கள். மற்றதை அப்புறம் பேசிக் கொள்ளலாம்" என்றேன்.

அந்த 'மற்றது' தான் இந்த வாரம். நான் டாக்டர் அல்ல. ஆனால் கடிதத்தில் இருந்த அதே கேள்வி சென்ற வருஷம் எங்கள் வீட்டுக்குள்ளேயே புகுந்து, இரண்டு தேசங்களுக்கு இடையே ஒரு சின்ன யுத்தத்தையே நடத்திவிட்டுப் போயிற்று. அந்தக் கதையைச் சொன்னால் பதிலும் அதிலேயே வந்துவிடும்.

* * *

என் தங்கை இங்கிலாந்தில் இருக்கிறாள். சென்ற வருஷம் அவளுக்குத் தலைப் பிரசவம். தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் ஊர் முறை. தாய் வீட்டுக்கு மகள் வர முடியாததால், தாயே மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள். பிப்ரவரி மாதக் குளிரில், இரண்டு கம்பளிச் சட்டையும், பிரசவ லேகியம் நிறைந்த ஜாடியும், கருப்பட்டியும், பழைய மல்வேட்டிகளுமாக அம்மா விமானம் ஏறினாள்.

போய் இறங்கிய மறுநாள் அம்மாவிடமிருந்து டெலிபோன்.

"ஏண்டா, இவள் வீட்டிலேயே பெறப் போகிறாளாம்! கூடத்தில் ஒரு ரப்பர்த் தொட்டி வைத்திருக்கிறாள். அதில் வெந்நீரை நிரப்பி அதற்குள் உட்கார்ந்து கொள்வாளாம். பெரிய பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்கு வந்து, இது என்னடா கூத்து?"

எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. தங்கையைக் கூப்பிட்டேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள். அங்கே இது ஒன்றும் கூத்து இல்லை. அந்த நாட்டு அரசாங்க வைத்திய முறையிலேயே, உடம்பில் கோளாறு எதுவும் இல்லாத கர்ப்பிணிகள் வீட்டில் பிரசவிக்க விரும்பினால் அதற்கு ஏற்பாடு உண்டு. முறையாகப் படித்துத் தேறிய மருத்துவத் தாதிகள் வீட்டுக்கே வருவார்கள். குழந்தை பிறக்கும் சமயம் இரண்டு பேர் இருப்பார்கள். ரத்தப் போக்கை நிறுத்த ஊசி, பிறந்த குழந்தை மூச்சு விடத் திணறினால் காற்றுக் கொடுக்கும் பை, வலியைக் குறைக்கும் வாயு எல்லாம் கையோடு கொண்டு வருவார்கள். குழந்தையின் இதயத் துடிப்பைப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டுக் குறித்துக் கொள்வார்கள். சந்தேகம் தோன்றினால் ஆம்புலன்ஸ். நாலு மைலில் ஆஸ்பத்திரி.

"அண்ணா, நம் ஊரில் மூடிய கதவுக்குள்ளே கணவன் முகம் தெரியாமல், கத்தினால் அதட்டுகிற ஆயாவிடம் மாட்டிக் கொண்டு பெற்றவர்கள் எத்தனை பேர்? எனக்கு அது வேண்டாம். என் வீடு, என் கட்டில், பக்கத்தில் அம்மா. இதில் என்ன தப்பு?"

தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த மட்டும் கதை சுமுகமாகவே போயிற்று. மார்ச் 5 என்பது அவளுக்குக் குறித்த தேதி. மார்ச் 5 வந்தது, போயிற்று. 6, 7, 8... ஒன்றும் நடக்கவில்லை. சண்டை அப்போதுதான் ஆரம்பித்தது.

* * *

முதலில் இந்தத் 'தேதி' என்பது என்ன என்று பார்த்துவிடலாம். அதைப் புரிந்து கொண்டால் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதி பயம் இருக்க வேண்டியதுதான்.

கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டு. மூன்று மாதம் பின்னால் போ. அதுதான் கணக்கு. ஜனவரி 1 என்றால் அக்டோபர் 8. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்தில் இருந்த நேகலே என்ற பிரசவ வைத்தியரின் பெயரால் இந்தக் கணக்கை இன்றும் அழைக்கிறார்கள். மொத்தம் 280 நாள், நாற்பது வாரம். இருபத்தெட்டு நாளை ஒரு மாதமாக எண்ணினால் சரியாகப் பத்து மாதம்! நம்முடைய பாட்டிமார்கள் 'பத்து மாதம் சுமந்தேன்' என்பதை மிகைப்படுத்திச் சொல்வதாக நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அவர்கள் கணக்கு பிசகாத கணக்கு.

ஆனால் இது ரயில் வரும் நேரம் அல்ல. குறித்த நாளிலேயே பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரம் முடிவதற்குள் எப்போது பிறந்தாலும் அது நிறைமாதக் குழந்தையே. முதல் குழந்தை சற்றுத் தாமதமாக வருவதும் சகஜம். ஆகையால் தேதி தாண்டி இரண்டு நாள் ஆனதும் வீடே கலங்க வேண்டியதில்லை.

அந்தத் தேதி நிச்சயமானதா என்பதும் முக்கியம். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களுக்கு மேலே சொன்ன கணக்குத் தவறிப் போகும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கான் சொல்லும் தேதியே அதிகம் நம்பத்தக்கது. ஒரு வாரத்துக்குள்ளான வித்தியாசமே இருக்கும். எட்டாவது, ஒன்பதாவது மாதத்தில் எடுக்கும் ஸ்கானை வைத்துத் தேதியை மாற்றிப் போடுவது சரியல்ல. அந்த வயசில் குழந்தைக்குக் குழந்தை பருமன் வேறுபடும். 'நாள் தாண்டிவிட்டது' என்று கருதப்படும் கர்ப்பங்களில் பல, கணக்குத் தவறியவைதாம். என் தங்கைக்கோ பன்னிரண்டாம் வாரத்தில் எடுத்த ஸ்கான் இருந்தது. தேதியில் சந்தேகமில்லை.

* * *

"பழுத்த பழம் தானே விழும்" என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னாரல்லவா? என் தங்கை அதையே இங்கிலீஷில் படித்துவிட்டுச் சொன்னாள். நாற்பத்து மூன்று வாரம் ஆனாலும் சரி, குழந்தை தானாக வரட்டும், மருந்து போட்டு வலியை வரவழைக்கும் பேச்சே வேண்டாம் என்றாள். காரணமும் இருந்தது. மருந்து போட்டால் ஆஸ்பத்திரியில்தான் போட வேண்டும். அதோடு வீட்டுப் பிரசவம் போய்விடும்; ரப்பர்த் தொட்டியும் வீணாகிவிடும்.

நான் பத்திரிகைக்காரன். எனக்குத் தெரிந்த ஆயுதம் புள்ளி விவரம். அதைத் தேடி எடுத்தேன்.

வயிற்றில் குழந்தைக்கு ஆகாரமும் பிராணவாயுவும் கொடுப்பது நஞ்சுக்கொடி. நாள் தாண்டத் தாண்டச் சிலருக்கு அதன் சக்தி குறையலாம். பனிக்குடத்து நீர் வற்றலாம். குழந்தை உள்ளேயே மலம் கழித்து, அந்த நீரையே மூச்சோடு இழுக்கும் அபாயம் அதிகமாகிறது. குழந்தை பெருத்துவிட்டால் தலை வந்த பிறகு தோள் சிக்கிக் கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வயிற்றிலேயே உயிர் போய்விடும் ஆபத்து. ஒன்றரைக் கோடிக் கர்ப்பங்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்தது. அந்த ஆபத்து 37-ஆவது வாரத்தில் ஆயிரத்துக்கு 0.11, 42-ஆவது வாரத்தில் ஆயிரத்துக்கு 3.18.

அதே 2019-ல் ஸ்வீடனில் நடந்த பரிசோதனை ஒன்றின் முடிவும் வெளிவந்தது. 2,760 பெண்களில் ஒரு பாதியினருக்கு 41 வாரம் முடிந்ததும் மருந்து கொடுத்து வலியை வரவழைத்தார்கள். மறு பாதியினரை 42 வாரம் வரையில் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் ஆறு குழந்தைகள் இறந்தன. மற்ற பாதியில் ஒன்றுகூட இல்லை. இதற்கு மேல் நடத்துவது நியாயமல்ல என்று பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: மருந்து கொடுத்தவர்களுக்குக் கத்தி வைப்பது அதிகமாகவில்லை. 'மருந்து ஏற்றினால் அப்புறம் கத்திதான்' என்ற பயத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். தங்கை பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணா, ஆயிரத்துக்கு மூன்று என்றால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதானே அர்த்தம்?"

அதுவும் உண்மைதானே? புள்ளி விவரத்தில் இதுதான் தொல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது வெட்டும். நான் குரலை உயர்த்தினேன். அவள் டெலிபோனை வைத்துவிட்டாள்.

அம்மாவோ இரண்டு பக்கமும் சேராமல் தனி வைத்தியம் ஆரம்பித்தாள். சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பொய் வலியானால் அடங்கும், மெய் வலியானால் பிடித்துக் கொள்ளும் என்பது அவள் சாஸ்திரம். வலியே இல்லாதவளுக்கு அது வெறும் கஷாயமாகவே போயிற்று. அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. அடுத்து விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்தாள். நல்ல வேளையாகத் தாதி அதைப் பார்த்துவிட்டாள். குடல் கலங்கி, வாந்தியும் பேதியுமாகிக் கர்ப்பிணி சோர்ந்து போவதுதான் மிச்சம் என்று சொல்லி, பாட்டிலை அலமாரியில் ஏற்றி வைத்தாளாம்.

* * *

அண்ணன் சொன்னால் கேட்க மாட்டாள். அம்மா சொன்னாலும் கேட்க மாட்டாள். தன் கட்சிக்கு ஆள் தேடிய தங்கைக்குப் பாட்டியின் நினைவு வந்தது.

அம்மாவைப் பெற்ற பாட்டி எங்களோடு மாம்பலத்தில் இருக்கிறாள். வயது எண்பத்தாறு. கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். பெற்றதெல்லாம் வீட்டில்தான், மாட்டுக் கொட்டிலை அடுத்த இருட்டு அறையில்தான். வீட்டில் பெற்றுக் கொள்வதற்கு இவளைவிடப் பெரிய சாட்சி யார் இருக்க முடியும்?

நான்தான் கைத் தொலைபேசியைப் பாட்டியின் முகத்துக்கு நேரே பிடித்துக் கொண்டிருந்தேன். படத்தில் தங்கை.

"பாட்டி, நீ எல்லாப் பிள்ளைகளையும் வீட்டிலேதானே பெற்றாய்? ஒரு டாக்டரும் வரலையே? நாள் தாண்டினால் நீங்களெல்லாம் பயந்தீர்களா? அண்ணாவுக்குச் சொல்லு."

பாட்டி உடனே பதில் சொல்லவில்லை. முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"உங்க அம்மாவுக்கு முன்னாலே ஒண்ணு இருந்தது" என்றாள்.

நானும் தங்கையும் அதுவரை கேள்விப்படாத விஷயம். 1958-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். பாட்டிக்கு அது இரண்டாவது பிரசவம். முதல் பிரசவம் சுகமாக நடந்திருந்ததால் யாருக்கும் கவலை இல்லை. நாள் தாண்டிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

"கடைசி ரெண்டு நாளா அசைவு குறைஞ்சு போச்சு. சொன்னேன். 'நிறைமாசத்திலே உள்ளே இடம் ஏது? அதான் அசையலே'ன்னாங்க. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. வலி எடுத்தது. மருத்துவச்சி நல்லவள்தான். நூறு பிரசவம் பார்த்த கை. பனிக்குடம் உடைஞ்சுது. தண்ணி பச்சையா வந்தது. அவ மூஞ்சி மாறிப் போச்சு. 'வண்டியைக் கட்டுங்க'ன்னா. வண்டி இருந்தது, மாடு இல்லே. மாடு உழவுக்குப் போயிருந்தது. ஓட்டிக்கிட்டு வந்து பூட்டறதுக்குள்ளே ரெண்டு மணி நேரம். அப்புறம் கும்பகோணத்துக்குப் பதினாலு மைல். மழையிலே ரோடு சேறு. அஞ்சு மணி நேரம்."

பாட்டி நிறுத்தினாள்.

"ஆம்பளைப் பிள்ளை. அழலே."

கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் பேச்சு இல்லை. அந்தப் பக்கமும் இல்லை. பிறகு பாட்டிதான் பேசினாள்.

"வீட்டிலே பெத்துக்கோ, கண்ணு. நான் வேண்டாங்கலே. வீடு நல்லதுதான். ஆனா வண்டியைப் பூட்டி வாசல்லே நிறுத்திட்டுப் பெத்துக்கோ. அசைவு குறைஞ்சா வீட்டிலே யாரையும் கேட்காதே, ஏறிடு. அவங்க சொல்ற நாளைக்கு மேலே காத்திருக்காதே."

என்னுடைய ஒன்றரைக் கோடிக் கர்ப்பங்கள் செய்யாததைப் பாட்டியின் ஒரு பிரசவம் செய்தது. மறுநாள் காலையில் தங்கை தாதியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் கொண்டாள்.

* * *

அந்தக் காகிதத்தில் இருந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 'வீட்டுப் பிரசவத்துக்குத் திட்டம்' என்றால் ரப்பர்த் தொட்டியும் வெந்நீரும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஒன்று: மார்ச் 12-ஆம் தேதி 41 வாரம் முடிகிறது. அன்று பரிசோதனை. அவள் சம்மதித்தால் தாதி கர்ப்பப்பை வாயில் விரலால் பனிக்குடத்துச் சவ்வை லேசாக விலக்கிவிடுவாள். மருந்து இல்லாமலே சிலருக்கு வலி தொடங்க இது உதவும். சம்மதித்தாள்.

இரண்டு: 17-ஆம் தேதி வரை தானாக வலி எடுத்தால் வீடு. எடுக்காவிட்டால் அன்று காலை ஆஸ்பத்திரி, மருந்து. நாற்பத்து மூன்று வாரப் பேச்சு அதோடு போயிற்று.

மூன்று: குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால், நள்ளிரவானாலும் உடனே டெலிபோன். 'காலையில் பார்க்கலாம்' என்பது கிடையாது. நிறைமாதத்தில் அசைவின் தினுசு மாறலாம். ஆனால் குறையக் கூடாது.

நான்கு: வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டிய காரணங்கள். பனிக்குடத்து நீர் கரும்பச்சையாக இருத்தல், குழந்தையின் இதயத் துடிப்பில் மாறுதல், ரத்தப் போக்கு, தாய்க்கு ரத்த அழுத்தம் அல்லது ஜுரம், வலி இருந்தும் பிரசவம் முன்னேறாமை. கடைசிக் காரணம், 'அவளுக்கே போக வேண்டும் என்று தோன்றுதல்.' இவற்றில் எது நேர்ந்தாலும் விவாதம் இல்லை. பெட்டி முன்கூட்டியே கட்டி வாசல் பக்கம் வைத்திருக்க வேண்டும்.

"இப்படிப் பாதியில் புறப்படுகிறவர்கள் எத்தனை பேர்?" என்று மாப்பிள்ளை கேட்டாராம். "முதல் பிரசவமானால் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர்" என்றாளாம் தாதி, ஒளிவு மறைவில்லாமல். இங்கிலாந்தில் அறுபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்து 2011-ல் வெளியிட்ட கணக்கு அது. முன்பே பெற்றவர்களுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டுதான். வீட்டுப் பிரசவத்தில், முதல் குழந்தைக்கு மட்டும் விபரீதம் நேர்வது ஆஸ்பத்திரியைவிட அதிகம் என்றும் அதே கணக்குச் சொல்கிறது: ஆயிரத்துக்கு 5.3-க்குப் பதில் 9.3. இதையும் தங்கை காகிதத்தில் எழுதிக் கொண்டாள். தெரிந்தே முடிவு செய்தாள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

* * *

14-ஆம் தேதி இரவு அவளுக்கு வலி எடுத்தது. இங்கே நமக்கு விடியற்காலை. மாம்பலத்தில் நானும் பாட்டியும் டெலிபோனைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தோம். தாதி வந்தாள், வெந்நீர் நிரம்பியது, அம்மாவே தொட்டியில் கையை விட்டுச் சூடு பார்த்தாள் என்று மாப்பிள்ளை ஒவ்வொரு வரியாக எழுதிக் கொண்டிருந்தார். 'நீச்சல் குளம்' என்று ஏசிய அம்மா இப்போது 'தண்ணீரில் இருந்தால் இடுப்புக்கு இதமாக இருக்கிறதாம்' என்று செய்தி அனுப்பினாள்.

காலை எட்டு நாற்பதுக்கு மாப்பிள்ளையிடமிருந்து வந்தது ஒரே வரி: "மச்சான், தண்ணீர் பச்சையாக இருக்கிறது."

பாட்டிக்குப் படித்துச் சொல்வதா வேண்டாமா என்று நான் தயங்கினேன். என் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்து கொண்டாள்.

"வண்டி?" என்றாள்.

வண்டிக்குச் சொல்லியாயிற்று. அந்த வீட்டில் யாரும் யாரோடும் விவாதிக்கவில்லை. காகிதம் சொன்னது; புறப்பட்டார்கள். ஆம்புலன்ஸில் தாதியும் கூடவே ஏறிக் கொண்டாள். ஆஸ்பத்திரியில் குழந்தையின் இதயத் துடிப்பை இயந்திரத்தில் விடாமல் பார்த்தார்கள். கடைசிக் கட்டத்தில் துடிப்பு இறங்கத் தொடங்கியதும், தலையில் கிண்ணம் போன்ற கருவியைப் பொருத்தி இழுத்து உதவினார்கள். குழந்தை டாக்டர் ஒருவர் தயாராக நின்று கொண்டிருந்தார். அவருக்கு வேலை வைக்காமல் குழந்தை வந்தவுடனேயே அழுதது.

பெண் குழந்தை. மார்ச் 15. கணக்குப் பார்த்தேன். 290 நாள். பத்து மாதமும் பத்து நாளும்.

* * *

இனி, கடிதம் எழுதிய அம்மாளுக்கும், அவரைப் போல யோசித்துக் கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை.

என் தங்கை வீட்டில் பெறத் திட்டமிட்டாள் என்பதை மட்டும் எடுத்துக் கொண்டு, 'இங்கிலாந்திலேயே செய்கிறார்களே' என்று சொல்லாதீர்கள். அங்கே வீட்டுக்கு வருவது ஓர் ஆஸ்பத்திரியின் ஒரு துண்டு. நம் ஊரில் அந்த ஏற்பாடு இல்லை. படித்த தாதி வீட்டுக்கு வர மாட்டாள். வருகிறவர் யாராயிருந்தாலும் அவர் கையில் அந்த ஊசியும் பையும் இருக்காது. 2018-ல் திருப்பூரில், இணையத்தில் படம் பார்த்து வீட்டிலேயே பிரசவத்தை நடத்த முயன்று ஒரு தாய் ரத்தப் போக்கில் உயிரை விட்டதை நாம் மறக்கக் கூடாது. நாள் தாண்டாத பிரசவமே இப்படி ஆகலாம் என்றால், தாண்டிய பிரசவத்தைப் பற்றிக் கேட்பானேன்? 41 வாரம் நிச்சயமாக முடிந்துவிட்டால் வலியை வரவழைப்பதே நல்லது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் சிபாரிசு.

தமிழ் நாட்டில் இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. 2019-21 கணக்கெடுப்பில் இது 99.6. இந்த நிலைமைக்கு வர எத்தனை பாட்டிகள் விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை எங்கள் வீட்டிலேயே நான் அறுபது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் தெரிந்து கொண்டேன்.

ஆனால் வீட்டில் பெற விரும்புகிறவள் ஆசைப்படுவது என்ன? தனியாக விடப்படக் கூடாது, அதட்டக் கூடாது, தனக்கு என்ன செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். இது பேராசை அல்ல. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது பெண் உறவினர் ஒருவர் உடன் இருக்கலாம் என்று ஏற்பாடு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். 'என்ன மருந்து, எதற்காக, எவ்வளவு நேரம் ஆகும்?' என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. முதல் மூன்று மாதத்து ஸ்கான் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். தேதி நெருங்கும்போதே, தாண்டினால் எந்த நாளில் வர வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக் காலண்டரில் வட்டம் போடுங்கள். 108 என்ற எண்ணை வீட்டில் எல்லோரும், குழந்தைகள் உட்படத் தெரிந்து வைத்திருக்கட்டும். அசைவு குறைந்தால் அன்றைக்கே, அந்த நிமிஷமே புறப்படுங்கள்.

கடிதம் எழுதிய அம்மாளிடமிருந்து சென்ற வாரம் மறுபடியும் கடிதம் வந்தது. "மருந்து ஏற்றினார்கள், கத்தி எடுக்கவில்லை. பேரன்" என்று எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாள் குழந்தைக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாராம்.

எங்கள் வீட்டில் அன்று குழந்தை பிறந்த செய்தி வந்ததும் பாட்டி கேட்ட முதல் கேள்வி ஆணா பெண்ணா என்பதல்ல.

"சொன்னதும் வண்டி எத்தனை நேரத்திலே வந்தது?"

"பதினாறு நிமிஷம், பாட்டி."

"பதினாறு நிமிஷமா?" என்று திருப்பிக் கேட்டாள். "ஆமாம்" என்றேன். சற்று நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக் கொண்டிருந்தாள். அப்புறம், "உங்க அம்மாகிட்டே சொல்லு, லேகியத்தை மூணாம் நாளிலேருந்து கொடுக்கச் சொல்லி. அதுக்கு முன்னாலே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, விளக்கேற்ற எழுந்து போனாள்.